எந்தக் கொடியிலும் இல்லாத கலர்

கச்சிராயபாளையத்தில் பேருந்து நிலையத்திலிருந்து அணைக்குப் போகும் சாலையில், உரக்கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவே ஒரு மேட்சிங் சென்டர் இருந்தது. புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, லைனிங், உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். அதை நடத்தியவரை ஊரே மேட்சிங்கக்கா என்றுதான் கூப்பிட்டது. அவரைப்போல மேட்சிங்கை வெறுத்த மனுஷியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

யாராவது புடவையைப் பையில் சுருட்டிக்கொண்டு போனால் அக்கா அதைக் கடைக்குள் வைத்துப் பார்க்கமாட்டார். “டியூப்லைட்டு பொய் சொல்லும்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி, ரோட்டுக்கு வந்து, வெயிலில் விரிப்பார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு துணிகளோடு வருவார். ஒன்று புடவையின் கலரை அப்படியே ஒத்திருக்கும். இன்னொன்று அதற்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும்.

“இது மேட்சிங்கு. இது நல்லா இருக்கறது. உனக்கு இன்னா வேணும்?”

பெரும்பாலும் எல்லோரும் முதல் துணியைத்தான் கேட்பார்கள். அக்கா மறுபேச்சு இல்லாமல் வெட்டிக் கொடுப்பார். கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். “எடுத்துக்கினு போ. கல்யாணத்துல ஒருத்தர் கண்ணுலயும் படாம பத்திரமா வூடு வந்து சேரு.”

அவர் உடுத்துவதைப் பார்க்கவே சிலர் கடைக்கு வருவார்கள். பாக்கு கலர் புடவைக்குப் பஞ்சுமிட்டாய் கலர் ஜாக்கெட். கிளிப்பச்சைக்குச் செங்கல். வீட்டின் வெளிச்சுவர் கத்திரிப்பூ கலர், ஜன்னல்கள் எலுமிச்சை மஞ்சள். அவர் கணவர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினார். அந்தத் தெருவில் வழி சொல்கிறவர்கள் “லாரிக்காரர் வூடு” என்பதை விட்டுவிட்டு “கண்ணு கூசற வூடு” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் டிபன் கடையில் எல்லோர் முன்னாலும் அவர் கணவரே சொன்னார்: “எங்க தெருவுல திரும்பனா ஹெட்லைட்டே வாணாம்பா. என் வூட்டு வெளிச்சமே போதும்.” எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கடைப் படியிலிருந்து, “பாத்தியா, இவருக்கே இப்பத்தான் கண்ணு தெரியுது” என்றார்.

எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருந்தது என்று எழுதமாட்டேன். ரிஷிவந்தியத்துப் பெண் ஒருத்தியின் வளைகாப்புப் பட்டுக்கு, அக்கா துரு கலரில் ஒரு ஜாக்கெட் துணியைத் தலையில் கட்டிவிட்டார். மறுவாரம் அந்தப் பெண்ணின் மாமியார் தைத்த ஜாக்கெட்டோடு கடைக்கு வந்து நின்றார்.

“வளகாப்புல உக்காந்த புள்ளய இரும்புக் கடையில உக்காந்த மாதிரி பண்ணிட்டியே, நல்லா இருப்பியா நீ?”

அக்கா ஜாக்கெட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “ஆமாங்க. இது தப்புதான்” என்றார். அதை மடித்துக்கொண்டே, “ஆனா வந்தவங்க இன்னும் அதத்தான பேசிக்கினு இருக்காங்க?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கலருக்கு இதுதான் ஜோடி என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவைத்ததை மட்டும் அக்காவால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அதை மீறித் தோற்றால்கூட அவருக்குச் சம்மதம்.

இப்படிப்பட்டவர் எங்கள் கால்பந்து அணிக்கு வந்தது பெண் துணை வேண்டும் என்ற காரணத்தால்தான். மாலையில் பள்ளி மைதானத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.டி. சார் ஆண். வெளியூர் ஆட்டத்துக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் கூடவே ஒரு பெண் வரவேண்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். டீச்சர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. சார் கடைக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா, “பஸ்ஸுல ஜன்னல் சீட்டு குடுத்தா வரேன்” என்றார்.

கால்பந்து அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் கோல்கீப்பர். முதல் ஆட்டத்தில் என்னைத் தாண்டிப் பந்து வலைக்குள் போனபோது அவர் எழுந்து நின்று கைதட்டினார். நான் அவ்வளவு நேரம் பந்து வரட்டும் என்றுதான் அங்கே காத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாராம். ஆனால் ஒன்றை அவர் உடனே பார்த்தார். எங்களுக்குச் சீருடை இல்லை. ஆளுக்கொரு பனியன், ஆளுக்கொரு பேன்ட். எங்கள் மல்லிகா எதிரணிப் பெண்ணுக்கே பந்தைத் தள்ளிவிட்டு வந்தாள்.

“அவ மேல தப்பு இல்ல சார்” என்றார் அக்கா. “யாரு யாரு ஒண்ணுன்னு எப்படித் தெரியும்?”

எங்கள் அணியைப் பற்றிச் சொல்லவேண்டும். பாதிப் பேர் ஊர்த்தெரு. பாதிப் பேர், என்னையும் சேர்த்து, காலனி. மல்லிகா கல்வராயன் மலைப்பெண், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊர்த்தெருவிலிருந்து வந்த கௌசல்யாதான் எங்கள் அணியில் கோல் போடுகிறவள், அவள் அப்பாவின் வயலில்தான் என் அம்மா பல நாள் வேலை செய்வார். மைதானத்தில் மட்டும் நானும் கௌசல்யாவும் ஒரே அணி. வேறெங்கும் எங்களுக்கு ஒரே வரிசை கிடையாது.

கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கு ஒரு போட்டி நடக்கப்போகிறது, சீருடை இல்லாத அணிக்கு இடமில்லை என்று சார் வந்து சொன்னார். செய்தி தெரிந்து ஊர்த்தெருப் பெரிய மனிதர் ஒருவர் ஒரு பை நிறைய ஜெர்சி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கலர். என்ன கலர் என்று எழுதமாட்டேன். எழுதினால் அது யாருடைய கொடி என்று எங்கள் மாவட்டத்தில் குழந்தைகூடச் சொல்லிவிடும். அன்று மாலை என் அப்பா ஜெர்சியைத் தொடவே இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “இதப் போட்டுக்கினு நம்ம தெருவுல நடந்து வருவியா நீ?” என்று கேட்டார். மறுநாள் காலனிப் பெண்கள் ஒருவரும் பயிற்சிக்குப் போகவில்லை.

நான்கு நாளில் எங்கள் தெரு மன்றத்துப் பையன்கள் இன்னொரு பையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் இரண்டு கலர். இந்தத் தடவை கௌசல்யாவும் மற்றவர்களும் வரவில்லை. மலையிலிருந்து மல்லிகாவின் அப்பா வந்து, “ஒங்க சண்டையில எங்க பொண்ணு எதுக்குங்க?” என்று சொல்லி அவளை ஊருக்கே கூட்டிப்போய்விட்டார். சாரின் மேசைமேல் இரண்டு பை ஜெர்சி இருந்தது. அணி இல்லை.

அக்கா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கடைக்குப் போனபோது பத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா சொன்னாங்க?”

“அவரும் கோவிச்சிக்கினாரு. இவனுங்களும் கோவிச்சிக்கினானுங்க. அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கேன்.”

“அப்ப டீமு?”

“கலரு நான் பாக்கறேன். யாருதும் இல்லாத கலரா பாக்கறேன்.”

பார்க்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். அது எவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மஞ்சள் பையில் துணி வெட்டுகளை நிரப்பிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போனார். ஊர்த்தெருவிலும் போனார், எங்கள் தெருவிலும் வந்தார். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, “இது யாரு கொடி?” என்று கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உரிமை கொண்டாடினார். பச்சையும் வெள்ளையும் காட்டினால், “அது அவுங்களுது.” ஊதாவும் மஞ்சளும் காட்டினால், “சேலத்துப் பக்கம் ஒரு சங்கம் இருக்குது, அவுங்களுது.” வெறும் காவிநிறத் துண்டு பையிலிருந்து தவறி விழுந்தாலே போதும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். டீக்கடை பெஞ்சில் ஒருவர், ஆரஞ்சையும் சாம்பலையும் பார்த்துவிட்டு நெடுநேரம் யோசித்து, “இது இப்ப யாருதும் இல்ல. ஆனா முன்ன ஒருத்தரு வெச்சிருந்தாரு, எலெக்‌ஷன்ல தோத்துட்டாரு” என்றார்.

அக்கா துண்டுகளைப் பைக்குள் திணித்தார். “மூணு பேரு சேந்து டீ குடிச்சா ஒரு கொடி வெச்சிக்கிறானுங்கடி. சாமி படைச்ச கலரு ஒண்ணுகூட மிச்சமில்ல.”

சாமி படைத்தது மிச்சமில்லையென்றால் வியாபாரி படைத்ததைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஈரோட்டிலிருந்து வந்து யாருமே கேட்காமல் மேல்தட்டில் கிடந்த பாலியஸ்டர் சுருட்டுகளை இறக்கினார். ஒன்று வெங்காயத்தோல் கலர். உரித்து உதறிய சின்ன வெங்காயத் தோலின் உள்பக்கம் எப்படி இருக்கும், ரோஸும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், அப்படி. இன்னொன்று மயில்கழுத்து. பச்சை என்று சொன்னால் நீலமாகத் திரும்பும், நீலம் என்றால் பச்சையாகும்.

“பச்சைக்காரனும் இது என்னுதுன்னு சொல்ல முடியாது, நீலக்காரனும் சொல்ல முடியாது” என்றார். “சட்ட வெங்காயத்தோலு. டவுசரு மயில்கழுத்து.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

“யக்கா, சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். அடிச்சிக்கமாட்டாங்க இல்ல?”

மல்லிகாவைக் கூட்டிவர மலைக்கும் போனோம். வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் அக்காவுக்குத் தலைசுற்றி, வழிநெடுக என் மடியிலேயே சாய்ந்து படுத்திருந்தார். மல்லிகாவின் வீட்டைச் சுற்றி மரவள்ளி நின்றது. அவள் அப்பா எங்களைக் கட்டிலில் உட்காரவைத்தார். அக்கா இரண்டு துணிகளையும் சேர்த்துக் காட்டியதும் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாங்க இது, ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லியே?”

அக்கா எழுந்து போய் ஒரு மரவள்ளி இலையைக் காம்போடு ஒடித்து வந்தார். இலை பச்சை, காம்பு இரத்தச் சிவப்பு. “இதுக்கு யாருண்ணா மேட்சிங் பாத்தாங்க? நல்லாத்தான கீது?”

மல்லிகாவின் அப்பா இலையையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தார். “யாரு கொடியும் இல்லன்னா அனுப்பறன். யாருதாவதுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பஸ் ஏத்தி விட்டுடணும்” என்றார். கௌசல்யாவின் அப்பாவும் இதையேதான் கேட்டார். என் அப்பாவும் இதையேதான் கேட்டார். எல்லோரிடமும் அக்கா கையடித்துச் சத்தியம் செய்தார். நாங்கள் மறுபடியும் ஒரே மைதானத்தில் நின்றோம்.

தைத்து வந்த அன்று பையன்கள் எங்களுக்கு வைத்த பெயர் சாம்பார் டீம். “வெங்காயம் வருது, வழி வுடுங்கடா” என்று சைக்கிளில் போகிறவன்கூடக் கத்தினான். கௌசல்யா சட்டையைக் கழற்றி எறியப் பார்த்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து, “அவன் உன்ன இன்னாத் தெரு பொண்ணுன்னு கூப்ட்டானா?” என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். “சாம்பாருன்னுதான கூப்ட்டான்? போய் ஆடு.”

கோல்கீப்பரின் சட்டை மட்டும் வேறு கலரில் இருக்கவேண்டும், அது ஆட்ட விதி என்று சார் கடைசி நேரத்தில்தான் சொன்னார். அக்காவுக்கு எரிச்சல். மூன்றாவதாக ஒன்றைத் தேடவேண்டும். மிச்சமிருந்த சுருட்டுகளில், வெந்தயம்போல மஞ்சள்பழுப்பாக, மெந்தியக் கலர் ஒன்று கிடைத்தது. அவசரமாகத் தைத்தோம். அதை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போய்க் கேட்க நேரமில்லை.

போட்டியன்று கள்ளக்குறிச்சி மைதானத்துக்கு வெளியே கயிறு கட்டிச் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் தொங்கின. நாங்கள் பதற்றத்தில் நிமிர்ந்து பார்க்கவில்லை. போட்டோ எடுக்க எங்களை நிற்கவைத்தார்கள். பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை, நடுவில் பந்தோடு நான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு விசில்.

“டேய், இங்க பாருடா! நம்ம கொடி!”

சில பையன்கள் கழுத்தில் துண்டோடு ஓடிவந்தார்கள். துண்டில் மூன்று பட்டைகள். வெங்காயத்தோல், மயில்கழுத்து, மெந்தியம். போன மாதம்தான் பிறந்த ஒரு சங்கமாம். அவர்களும் மிச்சமிருந்த கலர்களைத் தேடித்தான் அலைந்திருப்பார்கள். வெங்காயத்தோலும் மயில்கழுத்தும் மட்டும் நின்றபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நடுவில் நான் மெந்தியத்தோடு உட்கார்ந்ததும் கொடி முழுதாகிவிட்டது.

கௌசல்யாவின் அப்பா வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். அந்தச் சங்கத்துக்கும் அவர் ஆட்களுக்கும் ஆகாது. மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சத்தியம் பண்ணியேம்மா, யாருதும் இல்லன்னு?”

“சத்தியமாத் தெரியாதுண்ணா. இது நேத்துப் பொறந்த கொடி.”

“எதுவா இருந்தா இன்னா? எங்கூர்க்காரங்க பத்து பேரு பாத்துக்கினு நிக்கறாங்க. நான் ஊருக்குள்ள தலகாட்ட வாணாமா? வாடி.”

மல்லிகா யாரும் சொல்லாமலேயே தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் அப்பா போட்ட நிபந்தனை அவளுக்கு நினைவிருந்தது. இரண்டு பேரும் போனால் ஆட ஆள் போதாது. ஆடாமலேயே தோற்றதாக எழுதிக்கொள்வார்கள். அதைவிட எனக்குத் தெரிந்தது, இன்று இவர்கள் போனால் இனி எந்த வீட்டிலும் இந்த அணிக்கு எவரும் பெண்ணை அனுப்பப்போவதில்லை.

நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். “உன் சட்டதான்டி வில்லங்கம். அத மாத்தினா கொடி ஒடஞ்சி பூடும்.”

எதிரணி சிவப்பு. நடுவர் கறுப்பு. வேறு கலர் வேண்டும். யாரோ ஒருவர் தன் பச்சைச் சட்டையைக் கழற்ற வந்தார். “வாணாங்க, அதுக்கு ஒருத்தன் வருவான்” என்றார் அக்கா. வெள்ளைச் சட்டை நிறைய இருந்தது. “வெள்ள போட்டா தலைவராட்டம் ஆயிடும், அது இன்னும் வம்பு.” கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்துக்கொண்டே போனவர், வேலியோரம் நின்ற ஓர் ஆளிடம் வந்து நின்றுவிட்டார்.

என் அம்மா. கரும்பில் சோகை உரித்துக்கொண்டிருந்தவர், பாதி வேலையில் கிளம்பி, டவுன் பஸ் பிடித்து நேராக வந்திருந்தார். காய்ந்த கரும்பு இலையான சோகை கையைக் கிழிக்கும் என்பதால் புடவைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். அதைக் கழற்றக்கூட நேரமிருந்திருக்காது.

“யக்கா, அந்தச் சட்டையக் கழட்டு!” என்று அம்மாவிடம் கை நீட்டினார் மேட்சிங்கக்கா.

“அய்யே, இதுவா?” அம்மா இரண்டு கையாலும் சட்டையைப் பொத்திக்கொண்டார். “ஒரே வேர்வங்க. சோகத் தூசி. புள்ளைக்கு அரிக்கும்.”

“அரிக்கட்டும். கழட்டு.”

அக்கா சட்டையைக் கையில் வாங்கி, கடை வாசலில் செய்வதுபோலவே, வெயிலில் விரித்துப் பிடித்தார். பிடித்தபடியே கௌசல்யாவின் அப்பாவிடம் கொண்டுபோனார்.

“ண்ணா, நீயே சொல்லு. இது இன்னா கலரு?”

அவர் பார்த்தார். எத்தனையோ வருட வெயிலும் மண்ணும் கரும்புச் சாறும் துணிசோப்பும் சேர்ந்து அந்தச் சட்டைக்குப் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்தைக் கொடுத்திருந்தன. அவர் மகளின் கையை விடாமலேயே இன்னொரு கையால் சட்டையின் கைப்பட்டியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். எங்கள் தெருச் சட்டை ஒன்றை அவர் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டையை அவர் தன் வயலில் தினமும் பார்த்திருப்பார்.

“கலரு சொல்லத் தெரியலமா” என்றார். “வேலச் சட்ட.”

“இதுக்கு எவனாவது கொடி வெச்சிருக்கானா?”

துண்டு போட்ட பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். கௌசல்யாவின் அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சட்டையைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார்.

“இல்ல” என்றார். கையை விட்டார்.

மல்லிகா பையை இறக்கி வைத்தாள். துண்டு போட்டவர்கள் கொஞ்சநேரம் நின்று பார்த்தார்கள், கொடி எங்கேயும் தெரியாததால் நிழலுக்குப் போய்விட்டார்கள். அக்கா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளையெல்லாம் கழற்றி, மெந்தியச் சட்டையிலிருந்து வெட்டிய நம்பரை என் முதுகில் குத்திவிட்டார். கை நீளமாக இருந்தது, மடித்துவிட்டேன். அம்மா சொன்னது சரி. கழுத்து, தோள், முழங்கை, எல்லா இடமும் அரித்தது. ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கோலுக்கு முன்னால் குதித்துக்கொண்டே இருந்தேன். அது எதிரணிக்குப் பயமாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதை மறைக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை. கௌசல்யா ஒரு கோல் போட்டாள், அவர்கள் இரண்டு போட்டார்கள். அடுத்த வருடம் அரையிறுதிவரை போனோம். அதற்கடுத்த வருடம் எங்கள் ஊருக்கு மஞ்சளும் பச்சையுமாக ரிப்பன் கட்டிய ஒரு கோப்பை வந்தது, அதை வைக்கச் சாரின் அறையில் இடம் ஒதுக்கினார்கள். இன்று நான் சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மல்லிகா போலீஸில் இருக்கிறாள். அக்கா, கணவருக்கு நாமக்கல்லில் வேறு வண்டி கிடைத்ததும் கடையை எடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கேயும் ஒரு கண்ணு கூசுகிற வீடு இருக்கிறது என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது கள்ளக்குறிச்சியில் தோற்ற அந்த ஆட்டத்தின் பின்பாதியைப் பற்றி.

மைக்கில் ஒருவர் ஆட்டத்தை விவரித்துக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்து மைதானங்களில் வீராங்கனைகளுக்குப் பெயர் கிடையாது, சட்டையின் கலர்தான் பெயர். “சிவப்பு கொண்டு போறாங்க, சிவப்பு, சிவப்பு” என்று அவர் தடையில்லாமல் சொன்னார். எங்கள் பக்கம் பந்து வந்தால் நாக்கு குழறியது. “அந்த ரோஸு... ரோஸு இல்லிங்க, ஒருமாதிரி காப்பி... அவுங்க தட்டிவிடறாங்க.” சனம் சிரித்தது. என்னிடம் பந்து வந்தால், “கோல்கீப்பர், சட்ட கலரு...” என்பதோடு நிறுத்திவிடுவார்.

அக்கா எழுந்து மைக் மேசைக்கே போய்விட்டார். மைக் அணையாததால் அவர்கள் பேசியது மைதானம் முழுக்கக் கேட்டது.

“இன்னா தம்பி, தடுமாறுற?”

“கலரு சொல்ல வரலக்கா. இப்படி ஒரு துணிய நான் பாத்ததே இல்ல. நீங்கல்லாம் எந்தக் கச்சி?”

“கச்சிராயபாளையம்.”

கூட்டம் ஒரு நொடி கழித்துத்தான் புரிந்துகொண்டு சிரித்தது. மைக்காரரும் சிரித்தார்.

“சரிக்கா, கச்சிராயபாளையம். ஆனா யார் யாருன்னு எப்படிச் சொல்றது?”

“பேரு வெச்சிருக்காங்க இல்ல அவுங்க வூட்ல? பேரச் சொல்லு. நான் பக்கத்துல நின்னு சொல்றன், நீ மைக்குல சொல்லு.”

அப்படித்தான் எங்கள் பெயர்கள் கள்ளக்குறிச்சியின் மேல் ஒலித்தன. மல்லிகா ஓடுறாங்க. மல்லிகா கௌசல்யாவுக்குக் குடுக்கறாங்க. கௌசல்யாவின் பெயர் வந்தபோது அவள் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சிவப்புக்காரப் பெண்கள் ஆட்டத்துக்கு நடுவே மைக் இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கம் வேகமாக வந்து ஓங்கி உதைத்தாள். நான் பாய்ந்து பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன். எழுந்தபோது முதுகில் ஊக்கு ஒன்று குத்தியது. மைக்கில் அக்காவின் குரல் முதலிலும் மைக்காரர் குரல் பிறகுமாகக் கேட்டன.

“பவித்ரா.”

“கோல்கீப்பர் பவித்ரா புடிச்சிட்டாங்க!”

“அவுங்க குடும்பத்துலயே மொத மொதல்ல பள்ளிக்கூடம் போன பொண்ணு. அதையும் சொல்லு.”

“ஆட்டத்துல அதெல்லாம் சொல்றதில்லக்கா.”

“சொல்லு தம்பி.”

அவர் சொன்னார். நான் வேலியோரம் பார்த்தேன். சட்டை இல்லாமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடம் “இன்னா சொன்னாங்க? எம் பொண்ணப் பத்தியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ மேசையைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

“இன்னொருவாட்டி சொல்லு தம்பி” என்றது அக்காவின் குரல். “அவுங்க அம்மாவுக்குக் கேக்கலியாம்.”

பந்து என் கையில் இருந்தது. சீக்கிரம் உதை என்று நடுவர் கையை ஆட்டினார். மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, என் பெயரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் பந்தை உதைக்கவில்லை.